மாட்ரிட்டில் ஒரு நாள் நடை: நிதானத்தைக் கெடுக்கும் தவறுகள்

மாட்ரிட்டை நடந்தே பார்க்க ஒரு நாள் கிடைத்திருக்கிறது என்று சொல்லி ஆலோசனை கேட்கும் நண்பர்கள், எங்கெங்கே போகலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நிதானமாகக் கழிக்க வேண்டிய நாள் அங்கே கெட்டுப்போவதற்கு, நான் பார்த்த வரையில், இடங்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. நம் ஊர் நேரப் பழக்கத்தை அப்படியே சுமந்துகொண்டு, முற்றிலும் வேறு நேரப் பழக்கம் உள்ள ஊருக்குள் இறங்கியதுதான் காரணமாக இருக்கிறது.

ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச் தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கிறது. நியாயமாக லண்டனின் நேரம்தான் அதற்குப் பொருந்தும். ஆனால் 1940இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள்; அது பிறகு திருத்தப்படவே இல்லை, இன்றும் ஜெர்மனியின் நேரமே அங்கும் நேரம். கோடையில் இன்னொரு மணி நேரமும் கூடுவதால், சூரியன் உச்சிக்கு வரும்போது மாட்ரிட்டில் மணி பிற்பகல் 2.15 ஆகியிருக்கும். இதை அறியாதவர்கள்தான் ஜூலை மாதத்தில், நான்கு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்துவிடும் என்று நம்பிக் கிளம்பி, நாளின் மிகக் கடுமையான வெப்பத்துக்குள் போய் நிற்கிறார்கள். அங்கே கோடைக்கால மாலை 5 மணி என்பது வெயிலின் கணக்கில் நம் ஊரின் பிற்பகல் 3 மணி. அதற்கு ஈடாக, ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9.45 ஆகிறது. ஆகவே நாளை இரண்டாகப் பிளந்து, காலையில் ஒரு நடை, மாலை முதிர்ந்த பின் ஒரு நடை, நடுவே நிழலும் சாப்பாடும் ஓய்வும் என்று வைத்துக்கொள்வதுதான் அந்த ஊர்க்காரர்கள் செய்வது. அதைக் கோடைப் பயணிகள் மீறவே கூடாது.

ஸ்பெயின்காரர்கள் தாமதமாக எழுபவர்கள் என்று கேள்விப்பட்டு, காலை பத்து மணி வரை விடுதியிலேயே இருந்துவிடுவது அடுத்த தவறு. கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கின்றன என்பது உண்மை. ஆனால் தெருக்கள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. காலை எட்டரை மணிக்குப் பிளாசா மயோர் சதுக்கத்துக்குள் நுழைந்தால், துப்புரவுப் பணியாளர்கள் கழுவிவிட்ட கருங்கல் தளம் ஈரத்தில் மின்னிக்கொண்டிருக்கும், சரக்கு இறக்க வந்தவர்களைத் தவிர எவரும் இருக்க மாட்டார்கள். மூன்றாம் பிலிப் மன்னர் காலத்தில் 1619இல் முடிந்த அந்தச் சதுக்கம், 1790இல் பற்றிய பெருந்தீக்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்டது. நான்கு பக்கமும் மூடிய சுவராக நிற்கும் அந்த 237 பால்கனிகளையும் நடுவில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்ப்பதற்குத் தேவையான அமைதி, பதினொரு மணிக்குப் பிறகு அங்கே கிடைக்காது.

இடங்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதும் தவறுதான், ஆனால் அதற்குக் காரணம் தூரம் என்று பலர் நினைப்பது சரியல்ல. மேற்கே அரண்மனையிலிருந்து கிழக்கே ரெத்திரோ பூங்கா வரை நேராக நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குள்தான் வரும். ஏறத்தாழ நடுவில், நாட்டின் முக்கிய நெடுஞ்சாலைகளுக்குத் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படும் புவெர்த்தா தெல் சோல் சதுக்கம் இருக்கிறது. தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை வருகிறது. அரண்மனையில் மட்டும் 3,418 அறைகள். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது அதில் சிறு பகுதியே என்றாலும், உள்ளே போய் வந்தால் அரை நாள் போய்விடும். நடப்பதற்கென்று ஒதுக்கிய நாளில் அதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு மேலே நடப்பதே நல்லது என்பது என் கருத்து.

கைப்பேசி வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் இழப்பது அதிகம். பழைய மாட்ரிட்டில் தெருப் பெயர்கள் வண்ணப் பீங்கான் ஓடுகளில் எழுதப்பட்டு, வீட்டுச் சுவர்களில் தலைக்கு மேலே பதிக்கப்பட்டிருக்கின்றன. பெயருக்கு மேல் அந்தப் பெயரின் பொருளைச் சொல்லும் ஓர் ஓவியமும் இருக்கும். குச்சியேரோஸ் என்றால் கத்தி செய்பவர்கள், போர்தாதோரெஸ் என்றால் பூவேலை தைப்பவர்கள், குர்த்திதோரெஸ் என்றால் தோல் பதனிடுபவர்கள். தொழிலின் பெயரால் தெருக்கள் அமைந்த ஊர்களிலிருந்து வரும் நமக்கு இந்தப் பலகைகளைப் படிக்க ஸ்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, அண்ணாந்து பார்த்தால் போதும்.

சோல் சதுக்கத்துக்குத் தென்கிழக்கே உள்ள எழுத்தாளர் குடியிருப்பைத் தவறவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது. கிரான் வியாவின் பெரிய கடைகளில் இரண்டு மணி நேரம் செலவழித்தவர்கள்கூட, பத்து நிமிட நடையில் இருக்கும் இந்தப் பகுதியை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே உவெர்த்தாஸ் தெருவில், நடந்து செல்லும் கல்தளத்திலேயே ஸ்பானிய இலக்கியத்தின் வரிகள் உலோக எழுத்துகளில் பதிக்கப்பட்டிருக்கின்றன. மாலைச் சூரியன் சாய்வாக விழும் நேரத்தில் அந்த எழுத்துகள் மட்டும் தனியாக ஒளிர, மற்றவர்கள் அவற்றின் மேல் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். நாடக ஆசிரியர் லோபே தே வேகா வாழ்ந்த வீடு அருகில் இருக்கிறது. அது இருக்கும் தெருவுக்கு செர்வாந்தேஸ் என்று பெயர். லோபேயோடு நல்லுறவு இல்லாமலிருந்த நாவலாசிரியர் செர்வாந்தேஸ் 1616இல் இறந்து அடக்கம் செய்யப்பட்ட மடம், அடுத்த தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு லோபே தே வேகாவின் பெயர்.

சாப்பாட்டு விஷயத்தில் நேரத் தவறு உடனே தண்டனை தரும். பகல் 12.30 மணிக்குப் பசியோடு உணவகம் தேடினால், சமையலறை இன்னும் தயாராகவில்லை என்பார்கள், அல்லது பயணிகளுக்காகவே நாள் முழுவதும் திறந்திருக்கும், வாசலில் உணவுப் படங்களை வரிசையாக வைத்திருக்கும் இடத்தில் போய் உட்கார நேரும். மதிய உணவுக்கான நேரம் 2 மணி முதல் 4 மணி வரை. இதனால்தான் பகல் 1 மணிக்குக்கூட அங்கே கடைக்காரர்கள் காலை வணக்கமே சொல்கிறார்கள். சாப்பிட்ட பிறகுதான் அவர்களுக்குப் பிற்பகல். வார நாள்களில் மதியம் கிடைக்கும் ‘மெனு தெல் தியா’ என்னும் அன்றாடச் சாப்பாட்டில், இரண்டு பரிமாறல்கள், ரொட்டி, குடிக்க ஏதாவது, இனிப்போ காப்பியோ எல்லாம் ஒரே விலையில் அடங்கும். 12 முதல் 18 யூரோவுக்குள் வயிறு நிறையும். படப் பலகையைப் பார்த்துப் பாயெல்லா வாங்குவதைத் தவிர்க்கலாம். அது வலென்சியா ஊரின் மதியச் சோறு. மாட்ரிட்டின் சொந்த உணவு, முதலில் சாறு, பிறகு கொண்டைக்கடலையும் காய்கறியும், கடைசியில் இறைச்சி என்று ஒரே பானையிலிருந்து பகுதி பகுதியாகப் பரிமாறப்படும் கொசீதோ.

சைவ உணவுக்காரர்கள், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது நம்மவர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானது. என் முதல் பயணத்தில், கலவைக் காய்கறி சாலட் என்று நம்பி வாங்கிய தட்டின் நடுவே சூரை மீன் குவியலாக இருந்தது. பரிமாறியவர் என்னை ஏமாற்றவில்லை; அங்கே இறைச்சி என்ற சொல்லுக்குள் மீன் வருவதில்லை, சமையல்காரர்கள் பலருக்குப் பன்றித்தொடை உப்புக்கறியின் சிறு துண்டுகள்கூட ஒரு சுவையூட்டியாகத்தான் தோன்றுகின்றன. பச்சை பீன்ஸ் வதக்கலில்கூட அது கிடக்கும். ஆகவே இறைச்சி, மீன், ஹமோன் என்னும் அந்தப் பன்றித்தொடை ஆகிய மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். தக்காளியையும் கத்தரிக்காயையும் சேர்த்து வதக்கிய பிஸ்தோ, பொரித்த பாத்ரோன் மிளகாய், கோடையில் குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோ ஆகியவை பெரும்பாலும் துணை நிற்கும். பிஸ்தோவின் மேல் முட்டை வைப்பார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளவும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு, உருளைக்கிழங்கு சேர்த்த முட்டை அடையான தொர்த்தியா எல்லா இடத்திலும் கிடைக்கும். அதுவும் ஒத்துவராதவர்கள் லவாபியெஸ் பகுதிக்கு நடந்து போனால், அங்கே இந்திய, வங்கதேச உணவகங்கள் ஒரு தெருவில் வரிசையாக இருக்கின்றன.

தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கை. மாட்ரிட் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களின் வெயிலுக்குப் பழகியவர்கள் வியர்வையை வைத்துத்தான் தாகத்தை அளக்கிறார்கள். அங்கே வியர்வை தோலில் தங்காமல் காய்ந்துவிடுவதால், தலைவலி வந்த பிறகே உடல் வறண்டிருப்பது தெரியும். குழாய்த் தண்ணீர் குவாதர்ராமா மலைப் பக்கத்திலிருந்து வரும் நல்ல தண்ணீர், தைரியமாகக் குடிக்கலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும். புட்டித் தண்ணீருக்கு மீண்டும் மீண்டும் காசு கொடுப்பது தேவையற்ற செலவு. காலணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கல்தளமும் ஏற்ற இறக்கமும் உள்ள ஊர், புதுக் காலணியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடக் கூடாது.

நண்பகல் கடந்த வெப்பத்துக்கு அருங்காட்சியகம் நல்ல புகலிடம். ஆனால் பிராடோ அருங்காட்சியகத்தை முழுவதும் பார்த்துத் தீர்க்க முயல்பவர்கள், அதன் பிறகு நடக்கவும் தெம்பில்லாமல், பார்த்ததும் நினைவில்லாமல் வெளியே வருகிறார்கள். மூன்றே கூடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். எட்ட நின்றால் சிறுமி இளவரசியின் உடையில் பட்டும் சரிகையும் பளபளக்கும். காவலர் அனுமதிக்கும் தூரம் வரை நெருங்கினால் சரிகை மறைந்து, அவசரமாக இழுத்துவிட்டது போன்ற வெள்ளை, சாம்பல் தூரிகைத் தீற்றல்கள் மட்டும் இருக்கும். நான்கு அடி பின்னால் வந்தால் பட்டு திரும்பவும் வந்துவிடும். இதை எந்தப் படப் பிரதியும் காட்டாது, உள்ளே புகைப்படம் எடுக்கவும் அனுமதி இல்லை. திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரை நுழைவு இலவசம். ஆனால் அதற்கான வரிசை நீளமானது, இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்காக வெயிலில் ஒரு மணி நேரம் நிற்பது கட்டுப்படியாகுமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைக் கவனிக்காமல், கதவு வரை போய்த் திரும்பியவர்களை நான் அறிவேன்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், எல் ராஸ்த்ரோ என்னும் பழம்பொருள் சந்தைக்குக் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு அது கலைந்துவிடும். நண்பகலில் அடியெடுத்து வைக்க முடியாத கூட்டம். முதுகில் தொங்கும் பையை அங்கே முன்பக்கம் மாற்றிக்கொள்வது அவசியம். திருட்டு அங்கே வன்முறையாக நடப்பதில்லை, கவனக்குறைவில் நடக்கிறது: வெளி மேசையில் கைப்பேசியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது, எவராவது ஒரு தாளை அதன் மேல் விரித்துக் கையெழுத்துக் கேட்பார், தாளோடு கைப்பேசியும் போய்விடும்.

வெயில் இறங்கத் தொடங்கியதும் ரெத்திரோ. அரச குடும்பத்தின் தோட்டமாக இருந்து, 1868இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பூங்கா அது. அங்கே எதையும் தேடிப் போகாமல் மர நிழலில் ஒரு இருக்கையைப் பிடித்து உட்காருவது நேரத்தை வீணாக்குவதல்ல. நிதானமான நாள் என்று நாம் சொல்வதே அதைத்தான். அங்கிருந்து ஊரின் மறுகோடிக்கு நடந்தே தீருவேன் என்ற பிடிவாதம் வேண்டாம். பூங்காவின் அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, சில நிமிடங்களில் மேற்குப் பக்கம் வந்துவிடலாம்.

மேற்கே இருப்பது தெபோத் கோயில். அஸ்வான் அணையால் மூழ்கவிருந்த நூபியச் சின்னங்களைக் காப்பாற்ற ஸ்பெயின் உதவியதற்காக எகிப்து 1968இல் கொடுத்து, கல் கல்லாகக் கொண்டுவரப்பட்டு, 1972இல் திறக்கப்பட்ட உண்மையான எகிப்தியக் கோயில் அது. சூரியன் மறைவதைப் பார்க்க ஊரே அங்கே கூடுகிறது. சூரியன் மறைந்த நொடியில் எழுந்து, சாப்பாட்டுக்குப் பிந்திவிட்டோமே என்று பதறி ஓடுவதுதான் பலர் செய்யும் கடைசித் தவறு. சூரியன் போன பிறகு அரை மணி நேரம் வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு மாறுகிறது, கோயிலின் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, கூட்டமும் கலைகிறது. உணவகங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்கள் அப்போதுதான் வந்து உட்காரத் தொடங்கியிருப்பார்கள்.