லவுட்னஸ் இசைக்குழுவை எங்கே தொடங்கி, எந்தப் பதிப்பில் கேட்பது

ஜப்பானிய ஹெவி மெட்டலைக் கேட்க விரும்பும் ஒருவருக்கு முதலில் சொல்லப்படும் பெயர் பெரும்பாலும் லவுட்னஸ் என்பதாகவே இருக்கும். ஒசாகா நகரிலிருந்து 1981-இல் புறப்பட்ட இந்தக் குழு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவு செய்துவருகிறது. ஆனால் புதிதாக வருபவரைத் தடுமாற வைப்பது ஆல்பங்களின் எண்ணிக்கை அன்று. ஒரே பாட்டு ஜப்பானிய மொழியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, அமெரிக்காவுக்கென்று வேறு ஒலிக்கலவையில் ஒரு முறை, பாடகர் மாறிய பிறகு இன்னொரு முறை என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் கேட்டால், குழுவைப் பற்றிய மதிப்பீடே பிசகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. 'டிஸ்இல்யூஷன்' ஆல்பத்தின் ஆங்கிலப் பதிப்பையே மூலம் என்று எண்ணிப் பல மாதங்கள் கேட்டுவிட்டு, இந்தப் பாடகருக்கு ஏன் இவ்வளவு புகழ் என்று வியந்துகொண்டிருந்தேன்.

முதல் வேலை தேடுவது. குழுவின் பெயர் ஒரு பொதுச்சொல்லாக இருப்பதால், அதை மட்டும் இட்டுத் தேடினால் ஒலியளவு பற்றிய தொழில்நுட்பக் கட்டுரைகளும் ஒலிபெருக்கி விளம்பரங்களும் வந்து குவியும். கிட்டார் கலைஞர் அகிரா தகாசாகியின் பெயரைச் சேர்த்துத் தேடினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். தொடக்க கால ஆல்பங்களுக்கு ஆங்கிலப் பெயருடன் சீன எழுத்துகளால் ஆன ஜப்பானியப் பெயரும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'டிஸ்இல்யூஷன்' என்பதே ஜப்பானில் 'கெக்கென் ரெய்க்கா' என்றும் வழங்குகிறது. பட்டியலில் அறிமுகமில்லாத பெயர் கண்ணில் பட்டால் அதை வேறொரு ஆல்பம் என்று கருதிவிடாமல், வெளிவந்த ஆண்டையும் பாட்டுகளின் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

குழுவின் முன்கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால் முதல் ஆல்பத்தின் வேகத்துக்குக் காரணம் விளங்கும். தகாசாகியும் டிரம்ஸ் கலைஞர் முனெதாகா ஹிகுச்சியும் அதற்கு முன் லேசி என்ற குழுவில் இருந்தார்கள். டீப் பர்ப்பிள் குழுவின் பாட்டொன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட இளைஞர்கள் அவர்கள். ஆனால் அவர்களை நடத்தியவர்கள், பளபளக்கும் உடை அணிவித்து, பள்ளி மாணவியர் கூச்சலிடும் பாப் குழுவாக மேடையேற்றினார்கள். அந்தக் குழுவின் பாடகர் ஹிரொனொபு காகெயாமாதான் பின்னாளில் 'டிராகன் பால் இஸெட்' தொடரின் முகப்புப் பாடலைப் பாடியவர் என்பது உபரித் தகவல். 1980-இல் வெளிவந்த கடைசி ஆல்பத்தில் லேசி கனமான ராக் இசைக்குத் திரும்பியது, மறு ஆண்டே கலைந்தது. தகாசாகியும் ஹிகுச்சியும் மசயோஷி யமாஷிதாவை பேஸ் கிட்டாருக்கும், எர்த்ஷேக்கர் குழுவிலிருந்து வந்த மினோரு நிஹாராவைப் பாடுவதற்கும் சேர்த்துக்கொண்டு லவுட்னஸைத் தொடங்கினார்கள். அதே ஆண்டின் இறுதியில் 'தி பர்த்டே ஈவ்' வெளிவந்தது.

தொடக்கம் என்பதற்காக அந்த முதல் ஆல்பத்திலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டியதில்லை. அதில் எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக் இசையின் சாயல் இன்னும் படிந்திருக்கிறது. 1982-இன் 'டெவில் சோல்ஜர்', 1983-இன் 'தி லா ஆஃப் டெவில்ஸ் லேண்ட்' இரண்டிலும் கலைஞர்கள் நால்வரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்டுவிட்டதைக் கேட்கலாம். ஆனாலும் புதியவருக்கு நான் கொடுக்கும் முதல் ஆல்பம் 1984-இல் வந்த 'டிஸ்இல்யூஷன்'தான், அதுவும் ஜப்பானிய மொழிப் பதிப்பு. லண்டனில் பதிவான இந்த ஆல்பத்தில் கிட்டாரும் டிரம்ஸும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதைப் பழகாத காதும் பின்தொடர முடியும்.

அதிலிருந்து 'கிரேசி டாக்டர்' என்ற முதல் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெட்போனில் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை, தொடக்கத்தில் வந்து பாட்டு முழுவதையும் தாங்கும் கிட்டார் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரை, மட்டும் கவனியுங்கள். பாடல் வரிகள் வரும்போது அது எங்கே ஒதுங்கி இடம் விடுகிறது, வரி முடிந்ததும் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை ஹிகுச்சியின் டிரம்ஸ். அவர் கை கனமானது, ஆனாலும் அவசரப்படுவதில்லை. அந்த நிதானத்தால்தான் வேகமான பாட்டிலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. மூன்றாம் முறை நிஹாராவின் குரல். ஜப்பானிய மொழியில் பெரும்பாலான அசைகள் உயிரெழுத்தில் முடிகின்றன. 'பஸ்' என்பதை நாம் பேச்சில் 'பஸ்ஸு' என்று நீட்டுவதைப் போன்ற பழக்கம் அங்கும் உண்டு. இதனால் அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பாடும் குரலுக்கு, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் நீட்டி நிற்க ஓர் இடம் கிடைக்கிறது.

இதற்குப் பிறகு அதே பாட்டின் ஆங்கிலப் பதிப்பைக் கேளுங்கள். அதே ஆண்டில், வெளிநாட்டு விற்பனைக்காகக் குரலை மட்டும் ஆங்கிலத்தில் பாடி வெளியிட்ட ஆல்பம் அது. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து முட்டிக்கொள்ளும் ஆங்கிலச் சொற்களை அதே மெட்டுக்குள் அடைக்க நிஹாரா படும் பாடு காதில் விழும். குரலின் வலிமை குறையவில்லை, உச்சரிப்பின் பாரம்தான் கூடிவிடுகிறது. இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்தவர்களுக்கு, பின்னால் குழுவில் நடந்த மாற்றங்களில் பாதி முன்கூட்டியே புரிந்துவிடும்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்தது என்று மனித காது நம்பிவிடும். எண்பதுகளின் மூலப்பதிவைவிட, பிற்காலத்தில் மறுசீரமைத்து வெளியிடப்படும் பதிப்புகள் உரத்த ஒலியுடன் வருவது இசைத்துறையில் பொதுவான வழக்கம். எனவே உரத்ததைக் கொஞ்சம் குறைத்து, குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும் நிலையில் வைத்த பிறகே எது நல்லது என்று தீர்மானியுங்கள். குழுவின் பெயருக்கு இது சற்றே முரணான அறிவுரைதான்.

இனி 1985-க்கு வரலாம். அமெரிக்காவின் அட்கோ நிறுவனம் வெளியிட்ட 'தண்டர் இன் தி ஈஸ்ட்' ஆல்பம்தான் லவுட்னஸை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் பெருநிறுவனம் ஒன்று ஒரு ஜப்பானிய மெட்டல் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது அதுவே முதல் முறை. ஆஸி ஆஸ்போர்னின் ஆல்பங்களில் பணியாற்றிய மேக்ஸ் நார்மன் தயாரிப்பாளராக வந்தார். ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் 74-ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டில் மோட்லி குரூ குழுவின் இசைப்பயணத்தில் சேர்ந்து, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கிலும் வாசித்தார்கள்.

இந்த ஆல்பத்தை மற்றவற்றைப் போலக் கேட்கக் கூடாது. முந்தைய ஆல்பங்களில் இருந்த திருப்பங்களும் நீண்ட இசைப்பகுதிகளும் இதில் செதுக்கி எறியப்பட்டிருக்கின்றன. பாட்டுகள் நேராக வந்து நேராக முடிகின்றன. 'கிரேசி நைட்ஸ்' என்ற முதல் பாட்டில் ரிஃப் மெதுவாக, அகலமாக நடக்கிறது, அரங்கம் முழுவதும் சேர்ந்து தலையாட்டுவதற்கென்றே அளந்து தைத்ததைப் போல. அதில் எம், இஸெட், ஏ என்று மூன்று எழுத்துகளைக் கூவும் இடம் ஒன்று வரும். அதன் பொருள் என்ன என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்; அதற்குப் பொருளே கிடையாது, சும்மா கூவியதுதான். தகாசாகியின் இரு கைகளாலும் கிட்டார்த் தந்திகளைத் தட்டி வாசிக்கும் திறமை இந்த ஆல்பத்தில் சுருங்கிய இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதைத் தனியே கேட்க விரும்புபவர் 'டிஸ்இல்யூஷன்' ஆல்பத்திலுள்ள 'எக்ஸ்ப்ளோடர்' என்ற தனிக் கிட்டார் இசைக்குத் திரும்பிப் போகலாம்.

அடுத்து வருவதுதான் பலரும் குழம்பும் இடம். 1986-இல் ஜப்பானில் 'ஷேடோஸ் ஆஃப் வார்' என்ற பெயரில் ஓர் ஆல்பமும், அமெரிக்காவில் 'லைட்னிங் ஸ்ட்ரைக்ஸ்' என்ற பெயரில் ஓர் ஆல்பமும் வெளிவந்தன. இவை இரண்டு ஆல்பங்கள் அல்ல. ஒரே பதிவை வேறு வேறு ஒலிக்கலவையிலும் வேறு வரிசையிலும் அடுக்கியவை. ஜப்பானியப் பதிப்பு தலைப்புப் பாட்டோடு தொடங்கும். அமெரிக்கப் பதிப்பு 'லெட் இட் கோ' என்ற, வானொலிக்கு ஏற்ற பாட்டை முன்னே வைத்து, அந்தத் தலைப்புப் பாட்டை 'ஆஷஸ் இன் தி ஸ்கை' என்று பெயர் மாற்றி நடுவே தள்ளிவிட்டது. எது கையில் இருக்கிறது என்பதை முதல் பாட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜப்பானியப் பதிப்பை முதலில் கேட்பதே என் பரிந்துரை. போரின் நிழலில் தொடங்கும் ஆல்பமும் கொண்டாட்டமான கோரஸில் தொடங்கும் ஆல்பமும், உள்ளே இருக்கும் பாட்டுகள் ஒன்றே ஆனாலும், கேட்பவரை வேறு வேறு மனநிலையில் உட்கார வைக்கின்றன. அமெரிக்கப் பதிப்பு பில்போர்டில் 64-ஆம் இடத்தைத் தொட்டது. அவர்கள் அங்கே ஏறிய உச்சம் அதுதான்.

1987-இன் 'ஹரிக்கேன் ஐஸ்' ஆல்பத்துக்கும் ஜப்பானியம், ஆங்கிலம் என இரு பதிப்புகள் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்த எடி கிரேமர் தயாரித்தது. முதல் பாட்டான 'எஸ்.டி.ஐ.' இவர்களின் மிக வேகமான பாட்டுகளில் ஒன்று, இன்றும் மேடையில் தவறாமல் வருவது. மற்ற பாட்டுகளில் கீபோர்டின் இனிப்பு கொஞ்சம் கூடிவிட்டது. இங்கேயும் ஜப்பானியப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1988-இல் நிஹாரா நீக்கப்பட்டார். அமெரிக்கச் சந்தைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பாடகர் வேண்டும் என்ற கணக்கில், அப்செஷன் குழுவிலிருந்த மைக் வெசெரா கொண்டுவரப்பட்டார். 1989-இன் 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' நன்றாகச் செய்யப்பட்ட ஆல்பம். மேக்ஸ் நார்மன் மீண்டும் வந்தார், உச்சரிப்புச் சிக்கலும் இல்லை. ஆனால் உச்சரிப்பைச் சரிசெய்யப் போய்க் குழுவின் முகத்தையே மாற்றிவிட்டார்கள் என்பது என் எண்ணம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1983 ஆல்பத்திலுள்ள 'இன் தி மிரர்' என்ற பாட்டை நிஹாராவின் குரலில் கேட்டுவிட்டு, 1991-இன் 'ஆன் தி பிரவுல்' ஆல்பத்தில் அதே பாட்டை வெசெரா ஆங்கிலத்தில் பாடுவதைக் கேளுங்கள். பின்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அது அன்றைய லாஸ் ஏஞ்சலிஸில் இயங்கிய வேறு எந்தக் குழுவின் பாட்டாகவும் இருந்திருக்கலாம்.

தொண்ணூறுகளை விரைவாகக் கடக்கலாம். வெசெரா விலகியதும் ஈஸோ குழுவின் மசாகி யமாதா பாட வந்தார்; எக்ஸ் குழுவிலிருந்து பிரிந்த தாய்ஜி பேஸ் வாசித்தார். இந்த அணி 1992-இல் பதிவு செய்த, குழுவின் பெயரையே தாங்கிய ஆல்பம் முரட்டுத்தனமானது, இறுக்கமானது. அதை மட்டும் தவறவிட வேண்டாம். விரைவிலேயே தாய்ஜியும் ஹிகுச்சியும் விலக, முதல் அணியில் தகாசாகி மட்டுமே எஞ்சினார். 1997 முதல் 1999 வரை வந்த 'கெட்டோ மெஷின்', 'டிராகன்', 'என்ஜின்' மூன்றிலும் சுருதியைத் தாழ்த்தி, ஒரே தாளக்கட்டில் அழுத்தி வாசிக்கிறார். எண்பதுகளின் பாட்டுகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால், இவற்றைக் கடைசிக்கு ஒத்திவைக்கலாம்.

இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி முதல் அணியின் நால்வரும் மீண்டும் கூடி, 2001-இல் 'ஸ்பிரிச்சுவல் கனூ' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று சொல்லும் அளவுக்கு ஆல்பங்கள் வந்தன. எல்லாவற்றையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹிகுச்சி உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஆல்பமான 2008-இன் 'மெட்டல் மேட்' போதும். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று, கல்லீரல் புற்றுநோயால், தம் 49-ஆம் வயதில் அவர் இறந்தார். இடத்தை நிரப்ப மசாயுகி சுசுகி வந்தார்.

பழைய பாட்டுகளை இன்றைய ஒலியில் கேட்க விரும்புபவருக்கு, தொடக்க காலப் பாட்டுகளை மறுபதிவு செய்த 2016-இன் 'சம்சாரா ஃபிளைட்' இருக்கிறது. நிஹாராவின் குரல் முதிர்ந்து கரகரத்திருக்கிறது, அது பாட்டுகளுக்குப் பொருந்தவும் செய்கிறது; ஆனால் டிரம்ஸ் இருக்கையில் ஹிகுச்சி இல்லை என்பதை, முன்பு அந்த மூன்று முறைப் பயிற்சியைச் செய்தவர்களின் காது உடனே கண்டுகொள்ளும். அந்த ஏக்கம் உண்டாகும் நாளில் எடுத்துக் கேட்க வேண்டியது 2009-இன் 'தி எவர்லாஸ்டிங்'. அவர் விட்டுச்சென்ற டிரம்ஸ் பதிவுகளை வைத்துக்கொண்டு, மற்ற மூவரும் அவற்றின் மேல் வாசித்து முடித்த ஆல்பம் அது.