குழந்தை கைகால் ஆட்டுவதை டாக்டருக்காக வீடியோ எடுப்பது எப்படி?

என் மகள் 32 வாரத்திலேயே பிறந்தவள். "தானா கைகால் ஆட்டுறத வீடியோ எடுத்து அனுப்புங்க" என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

குழந்தையைத் தொடாமல், கிலுகிலுப்பை ஆட்டாமல் அதுவாக வரும் அசைவுதான் வேண்டும். சத்தம் கேட்டுத் தூக்கிப்போட்டுக் கையை விரிப்பது வேறு. இந்த அசைவு வயிற்றிலேயே தொடங்கிவிடும். ஹைன்ஸ் பிரெக்டில் என்ற ஆஸ்திரிய மருத்துவர் இதைப் பார்த்தே நரம்பு வளர்ச்சியைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

முதலில் நாள் கணக்கு. நான் இடறியது இங்கேதான். பிறந்த நாளிலிருந்து 12 வாரம் எண்ணினேன். டாக்டர் குறித்த பிரசவ தேதியிலிருந்து எண்ண வேண்டுமாம். 8 வாரம் முந்திப் பிறந்தவளுக்கு, பிறந்து 20 வாரம் ஆனால்தான் 12 வாரக் கணக்கு. என் முதல் வீடியோவில் உடம்பை முறுக்கி நெளியும் பெரிய அசைவுகளே இருந்தன. டாக்டர்கள் தேடுவது அடுத்து வருவதை: கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் ஓயாமல், எல்லாத் திசையிலும், சின்னச் சின்னதாகச் சுழலும். 9 முதல் 20 வாரம் வரை இது இருக்கும்; 12–16 நல்ல சமயம்.

பால் குடித்து, ஏப்பம் விட்டு, விழித்துச் சமத்தாகக் கிடக்கும் நேரம் பாருங்கள். தரையில் ஒரே நிறப் போர்வை விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூளி வேண்டாம். டயப்பரும் கையில்லாத மெல்லிய சட்டையும் போதும். வாயில் சூப்பான் கூடாது.

போனைக் கையில் பிடிக்காதீர்கள், ஆடும். கால்மாட்டில் ஸ்டாண்டு வைத்து, சற்று உயரத்திலிருந்து உச்சி முதல் பாதம் வரை தெரிய எடுங்கள். குழந்தைக்கு நேர் மேலே மாட்டும் கிளிப் ஸ்டாண்டு எனக்குப் பிடிக்கவில்லை. கழன்று விழுந்தால்? 3 முதல் 5 நிமிடம் எடுத்தால் போதும்.

இரண்டாம் முறை பாட்டி பக்கத்திலிருந்து "தங்கமே" என்றார். அவ்வளவுதான், அவள் அசைவை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்தாள். எல்லோரும் அவள் கண்ணில் படாமல் விலகி நில்லுங்கள்.

பின்சேர்க்கை: தூங்கும்போது எடுக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். கூடாது, இந்தச் சின்ன அசைவுகள் தூக்கத்தில் வராது. அழுகையோ விக்கலோ வந்தால் நிறுத்திவிட்டு, அடங்கியதும் புதிதாக எடுங்கள். வீடியோவின் வேகத்தை மாற்றாமல் அப்படியே அனுப்புங்கள்.