வீட்டு வாசலில் ஒரு நாள் கடை: முதன்முறை கராஜ் சேல் போடுபவர்களுக்கு

எங்கள் பழைய இட்லித் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு அமெரிக்கப் பாட்டி, "இது முட்டை வேகவைக்கிறதா?" என்று கேட்டார். இட்லி என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தேன். அரிசி, உளுந்து, புளிக்க வைப்பது வரை வந்தபோது அவருக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். "ஆமாம், முட்டைக்கும் ஆகும்" என்று 2 டாலருக்குக் கொடுத்துவிட்டேன்.

நியூஜெர்சிக்கு வந்து பல வருடமாகியும் கராஜ் சேல் போட எனக்குக் கூச்சமாகவே இருந்தது. பயன்படுத்திய சாமானை வாசலில் பரப்பி விற்பதா என்று. ஆனால் ஊரில் பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கியவர்கள்தானே நாம்! இங்கே பாத்திரக்காரர் வரமாட்டார், நாமே கடை போட வேண்டும், அவ்வளவுதான். இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன். முதல் முறை செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இது.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இது சம்பாதிக்கவா, வீட்டைக் காலி பண்ணவா? சம்பாதிக்க என்றால் ஒரு சனிக்கிழமைத் தூக்கம்தான் நஷ்டம். காலி பண்ண என்றால் கீழே உள்ளது எல்லாம் உதவும்.

1. அனுமதியும் தேதியும்

பல ஊர்களில் இதற்கு டவுன்ஷிப் (உள்ளூர் நிர்வாகம்) அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வருடத்துக்கு இத்தனை முறைதான் என்றும் கணக்கு இருக்கும். ஊர் இணையதளத்தில் பாருங்கள், அல்லது கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். டவுன்ஹவுஸ் குடியிருப்பு என்றால் குடியிருப்போர் அசோசியேஷன் விதியையும் பாருங்கள்.

சனிக்கிழமை, காலை 8 முதல் மதியம் 1 வரை. அதற்கு மேல் வெயிலில் உட்கார்ந்து பயனில்லை. எங்கள் பக்கத்துக்கு மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே நீண்ட விடுமுறைகளில் பலர் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். மழைக்கு ஒரு மாற்றுத் தேதியும் கையில் இருக்கட்டும். தெருவில் இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துக்கொண்டால் கூட்டம் நிச்சயம்.

2. பொறுக்குவது

மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள். கராஜ் மூலையில் நாலு அட்டைப்பெட்டி வைத்து, கண்ணில் படுவதை எல்லாம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரே ராத்திரியில் பொறுக்க உட்கார்ந்தால் பழைய போட்டோ ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டே விடிந்துவிடும்.

சட்டைப் பை, கைப்பை, பெட்டியின் உள்ஜிப் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். பழைய லேப்டாப், போன் என்றால் உள்ளே இருப்பதை முழுக்க அழிக்காமல் மேஜைக்கு வரக்கூடாது.

குழந்தைச் சாமான்களில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். பாதுகாப்புக் குறையால் கம்பெனி திரும்பப் பெற்ற பொருளை விற்பது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். வாசல் கடைக்கும் இது பொருந்தும். பக்கவாட்டுக் கம்பி கீழே இறங்கும் பழைய கிரிப்களை (குழந்தை தூங்கும் கம்பிக் கட்டில்) 2011 ஜூனிலிருந்து விற்கவே கூடாது. கிரிப்பைச் சுற்றிக் கட்டும் பஞ்சு பம்பருக்கும் 2022-ல் தடை வந்துவிட்டது. கார் சீட் அடியில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அது தாண்டியிருந்தால் குப்பைக்குத்தான். சந்தேகமாக இருந்தால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

3. விலை போடுவது

எல்லாரும் சறுக்குவது இங்கேதான்.

என் மகனின் முதல் சைக்கிளுக்கு 40 டாலர் எழுதினேன். அவன் அதில் ஓட்டப் பழகியது, முட்டி சிராய்த்தது எல்லாம் அந்த விலையில் இருந்தது. வாங்க வந்தவருக்குத் தெரிந்தது துருப்பிடித்த செயின் மட்டும். கடைசியில் 10 டாலருக்குப் போயிற்று, அதுவும் மதியம் பன்னிரண்டரைக்கு.

கைக்கணக்கு இது: புதிதாக வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள். நல்ல நிலையில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். துணி 1 முதல் 3 டாலர், புத்தகம் 50 சென்ட் அல்லது 1 டாலர். எல்லா விலையும் 25 சென்ட்டின் மடங்காக இருக்கட்டும். 1.35 என்று எழுதினால் சில்லறைக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

ஒவ்வொரு பொருளிலும் மாஸ்கிங் டேப்பில் விலை எழுதி ஒட்டுங்கள். விலை இல்லாத பொருளை எடுத்துக் கேட்கத் தயங்கிப் பலர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்கர்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்காத மனிதர், கராஜ் சேலில் 3 டாலர் விளக்கை 2 டாலருக்குக் கேட்பார். குறைப்பதற்கு இடம் வைத்தே எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம், பத்தரைக்கு மேல் இறங்கி வாருங்கள்.

அப்புறம், ஒரு மேஜையை முழுக்க ஒரே விலைக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் அந்த மேஜையைக் கொடுத்தேன். கப், ஸ்பூன், பொம்மை, எதை எடுத்தாலும் 1 டாலர். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. யார் எதைக் காட்டினாலும் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். யாராவது குறைத்துக் கேட்டாலும் அதே விரல். அன்றைக்கு ஒரு பைசா குறையாமல் விற்ற ஆள் அம்மா ஒருவர்தான்.

4. ஊருக்குச் சொல்வது

இரண்டு மூன்று நாள் முன்பு கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், நெக்ஸ்ட்டோர் மூன்றிலும் போடுங்கள். "நிறைய சாமான்" என்று எழுதாமல், சோபா, டிரில் மெஷின், லெகோ என்று பெயர் சொல்லிப் படத்தோடு போடுங்கள்.

உள்ளூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவை மறக்காதீர்கள். 110 வோல்ட் வெட் கிரைண்டரை அமெரிக்கர் யாரும் தொடப்போவதில்லை. குழுவில் போட்டேன். வெள்ளிக்கிழமை மாலையே ஆள் வந்து, கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 60 டாலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

தெருமுனைப் பலகையில் மூன்றே விஷயம்: கராஜ் சேல், வீட்டு எண்ணோடு தெருப்பெயர், அம்புக்குறி. தடித்த கறுப்பு மார்க்கரில், ஓடும் காரிலிருந்து படிக்கிற அளவுக்கு. மின்கம்பத்தில் ஒட்டுவதற்குப் பல ஊர்களில் தடை உண்டு, தரையில் குத்தும் பலகையே நல்லது.

5. பரப்புவது

பெரிய சாமான், தோட்டக் கருவி, டிரில் மெஷின் எல்லாம் தெருவை ஒட்டி முன்னால் வையுங்கள், கார் நிற்பது அதைப் பார்த்துத்தான். துணியைக் குவிக்காமல் தொங்கவிடுங்கள். மின்சாமானைப் போட்டுக்காட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டும். விற்காத பொருளை எல்லாம் போர்வையால் மூடுங்கள், இல்லையென்றால் புல்வெட்டும் இயந்திரம் என்ன விலை என்று பத்துப் பேர் கேட்பார்கள். வீட்டுக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

6. காசு

முந்தைய நாளே வங்கிக்குப் போய் வாருங்கள். 1 டாலர் நோட்டு முப்பது, 5 டாலர் ஆறு, 10 டாலர் இரண்டு, 25 சென்ட் நாணயம் ஒரு சுருள் (40 நாணயம், 10 டாலர்). மொத்தம் 90 டாலர். கடைசியில் எண்ணும்போது இதைக் கழிக்க மறக்காதீர்கள். டப்பாவில் வைக்காமல் இடுப்புப் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

எட்டு மணி என்று போட்டால் ஏழுக்கு முன்பே சிலர் வந்துவிடுவார்கள், பெரும்பாலும் வாங்கி விற்கும் வியாபாரிகள். முதல் முறை அப்படி வந்த ஒருவர் 1 டாலர் பொருளுக்கு 100 டாலர் நோட்டை நீட்டினார். மொத்தச் சில்லறையும் அங்கேயே காலி. இப்போதெல்லாம் 20 டாலருக்கு மேல் நோட்டு வாங்குவதில்லை. வென்மோ, ஜெல் போன்ற பணம் அனுப்பும் செயலிகளில் அனுப்பினேன் என்று அவர்கள் போனைக் காட்டினால் போதாது. உங்கள் போனில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள்.

வரி பற்றிப் பயப்பட வேண்டாம். வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் வீட்டுச் சாமானுக்கு வருமான வரி கிடையாது.

இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களைப் பார்க்க ஆசை என்றால், ஆகஸ்ட் முதல் வாரத்தில் 127-ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கம் போங்கள். 1987-ல் தொடங்கிய சேல் அது. இன்றைக்கு மிச்சிகனின் அடிசனிலிருந்து அலபாமாவின் காட்ஸ்டன் வரை ஏறக்குறைய 690 மைல், வழி நெடுக வாசல் கடை.

7. மிச்சம்

பன்னிரண்டரைக்கு மேல் "ஒரு பை நிறைய 3 டாலர்" என்று எழுதி வையுங்கள். ஒரு மணிக்கு மீதியைக் காரில் ஏற்றி நேராகக் குட்வில் அல்லது சால்வேஷன் ஆர்மி மாதிரி பழைய சாமானை நன்கொடையாக வாங்கும் அமைப்புக்குக் கொண்டுபோங்கள். செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரி தாக்கல் செய்பவர்கள் ரசீது கேட்டு வாங்குங்கள். மெத்தை போன்றவற்றை எடுப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எதையும் திரும்ப வீட்டுக்குள் ஏற்றாதீர்கள், அடுத்த வருடமும் அதே பெட்டியைத்தான் பிரிப்பீர்கள். போகிற வழியில் பலகைகளையும் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாம் முடித்து உள்ளே வந்து, அம்மாவின் டப்பாவை எண்ணினால் 61 டாலர். ஒரு காபி குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போன அம்மா, "ஏன்டி, ஃபில்டர எங்க வச்ச?" என்றார். காலையில் டிகாஷனோடு அதைத் தன் மேஜைக்கே எடுத்துவந்து, குடித்து முடித்து ஓரமாக வைத்திருந்தார். யாரோ எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அம்மாவும் வழக்கம்போல ஒற்றை விரலைத் தூக்கியிருக்கிறார்.