கவுண்டி ஜெயிலிலிருந்து வெளிவந்தவரின் பதிவுகள்: தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அறையை வாடகைக்குக் கேட்டு வருகிறவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர், வரன் பேசும் பையன், யாராக இருந்தாலும் சரி. "ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தாராம்" என்று காதில் விழுந்ததும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கூகுளில் பெயரைத் தட்டுகிறார்கள். முதலில் வந்து நிற்பது காசு கேட்கும் தனியார் தளம்தான். பதிவு உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் காசு மிச்சம்.

நம் ஊரில் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் கொடுக்கும் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் எந்த மாவட்டத்து வழக்காக இருந்தாலும் நிலவரம் தெரிந்துவிடும். அதே பழக்கத்தில் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு தளம் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. அங்கே நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிகள் 3,000-க்கும் அதிகம். டெக்சாஸில் மட்டும் 254. பெரும்பாலும் அந்தந்த கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப்தான் ஜெயிலை நடத்துகிறார். பேஸர் என்ற தளம் மத்திய அரசின் நீதிமன்ற வழக்குகளை மட்டும்தான் காட்டும். எஃப்.பி.ஐ.யின் குற்றப் பதிவை 18 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து வாங்கலாம். ஆனால் உங்களுடையதை மட்டும். டெலவேர், கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களில் கவுண்டி ஜெயிலே கிடையாது, எல்லாம் மாநில அரசின் கையில்.

ஆகவே எந்த கவுண்டி என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் ஒரு பகுதி காலின் கவுண்டியில், மீதி டென்டன் கவுண்டியில். ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டி என்றாலும் ஓரங்கள் ஃபோர்ட் பெண்டுக்கும் மான்ட்கோமரிக்கும் போகின்றன. ஒரு கவுண்டியில் பெயர் இல்லை என்றால் அந்த ஆளுக்கு வழக்கே இல்லை என்று பொருளாகாது.

அடுத்த தவறு, வெளியே போய்விட்டவரை ஜெயில் பட்டியலில் தேடுவது. ஷெரிஃப் தளங்களில் இருக்கும் பட்டியல் பல இடங்களில் இப்போது உள்ளே இருப்பவர்களுக்கானது. ஆள் வெளியேறியதும் பெயரும் போய்விடும். பழைய பதிவு தேவையென்றால் எழுத்துமூலம் கேட்க வேண்டும். இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. எஃப்.ஓ.ஐ.ஏ. என்ற தகவல் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கானது, கவுண்டி ஷெரிஃபை அது கட்டுப்படுத்தாது. டெக்சாஸில் கேட்க வேண்டியது அந்த மாநிலத்தின் பொதுத் தகவல் சட்டப்படி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் உங்களை விசாரிக்கக் கூடாது. அதே சட்டத்தைக் காட்டி நீதிமன்றக் கோப்பைக் கேட்டால் கிடைக்காது. நீதித்துறை அதற்குள் வராது. கோப்புக்கு, நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் கிளார்க் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, பதிவு கிடைத்துவிட்டது, அதில் 'ரிலீஸ்டு' என்று இருக்கிறது. இதைப் படிப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். பணம் கட்டி ஜாமீனில் வந்திருக்கலாம். சொந்தப் பிணையில் விட்டிருக்கலாம். தண்டனை முடிந்திருக்கலாம். அரசு வழக்கறிஞர் வழக்கே போடாமல் விட்டிருக்கலாம். வேறு கவுண்டிக்கோ மாநிலச் சிறைக்கோ, குடிவரவு அதிகாரிகளிடமோ ஒப்படைத்திருந்தாலும் கவுண்டி ஜெயிலின் கணக்கில் அது வெளியேற்றம்தான். அதாவது ஆள் இன்னும் கம்பிக்குள்ளேயே இருக்கலாம். 'ரிலீஸ்டு' என்று பார்த்துவிட்டு "நிரபராதி" என்று சொல்வதும் தப்பு, "குற்றவாளி, தண்டனை முடிந்தது" என்று சொல்வதும் தப்பு.

உள்ளே கொண்டுவரும்போது எழுதும் குற்றச்சாட்டும் அப்படித்தான். அது போலீஸ் எழுதியது. அரசு வழக்கறிஞர் அதைக் குறைக்கலாம், மாற்றலாம், தூக்கியும் போடலாம். முடிவு என்ன என்பது நீதிமன்றப் பதிவில் 'டிஸ்போசிஷன்' என்ற ஒரு வரியில் இருக்கும். ஹாரிஸ் கவுண்டியில் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் பதிவில் வழக்கு எண்ணை வைத்தோ, ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் எஸ்.பி.என். எண்ணை வைத்தோ தேடலாம். அங்கே 'டிஸ்மிஸ்டு' என்றிருந்தால் வழக்குத் தள்ளுபடி. 'டிஃபர்டு அட்ஜுடிகேஷன்' என்றிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைத் தீர்ப்பை நீதிபதி நிறுத்திவைத்த நிலை அது. நிபந்தனைகளை முடித்துவிட்டால் டெக்சாஸ் சட்டப்படி தண்டனை பெற்றவர் கிடையாது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிபந்தனையும் விதிக்கப்பட்டிருப்பதால், மத்திய குடிவரவுச் சட்டத்தின் கணக்கில் தண்டனை பெற்றவர்!

நம் பெயர்கள் தரும் தொல்லை தனி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது) என்று வரும், ஜெயில் பதிவிலும் அதுவே ஏறலாம். அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டிருக்கும். இருபக்கமும் மாற்றிப்போட்டுத் தேடுங்கள். பெயர் பொருந்திவிட்டது என்று மட்டும் நம்பாமல் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் எத்தனை பேர்! யாரோ ஒருவரின் வழக்கை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவோம்.

போட்டோவோடு கைது விவரம் போட்டு, நீக்கப் பணம் கேட்கும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிஃபோர்னியா, ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் அந்த வசூலைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. வழக்குத் தள்ளுபடியான செய்தி அந்தத் தளங்களுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலைக்கோ வாடகைக்கோ ஆளைச் சோதிக்க ஆள்தேடும் தளங்களைப் பயன்படுத்துவதும் வம்பு. அதற்கு, பின்னணி அறிக்கைகளை முறைப்படுத்தும் 1970-ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் வேண்டும். வேலை விஷயத்தில் சம்பந்தப்பட்டவரின் எழுத்துமூல ஒப்புதலும் கட்டாயம்.

தாக்கியவர் எப்போது வெளியே வருவார் என்ற பயத்தில் தேடுகிறவர்களுக்கு இத்தனையும் தேவையில்லை. கென்டக்கியின் ஜெஃபர்சன் கவுண்டியில் 1994-ல் தொடங்கிய வைன் (VINE) என்ற அறிவிப்புச் சேவை இப்போது பல மாநிலங்களில் இயங்குகிறது. ஆள் உள்ளே இருக்கும்போதே பதிவு செய்துவைத்தால், வெளியேறும்போது தகவல் வரும். கட்டணம் இல்லை.

கடைசியாக, சொந்தப் பதிவைத் தேடுகிறவர்களுக்கு. வழக்கு முடிந்த நிம்மதியில், டெக்சாஸில் பதிவையே அழிக்கும் 'எக்ஸ்பங்ஷன்' உத்தரவை வாங்க ஓடுகிறார்கள். வேலை தேடும்போது அது நல்லதுதான். ஆனால் விசா விண்ணப்பமும் குடியுரிமை விண்ணப்பமும் கைதானதுண்டா என்று கேட்கும், அழிக்கப்பட்ட வழக்கையும் சேர்த்து. "தள்ளுபடி ஆனது" என்று வாயால் சொன்னால் போதாது, முத்திரை போட்ட நகலைக் கேட்பார்கள். உத்தரவுக்கு மனுப் போடும் முன்பே குற்றச்சாட்டுப் பத்திரம், தள்ளுபடி உத்தரவு இரண்டுக்கும் கிளார்க்கிடம் சான்றளித்த நகல்களை வாங்கி, ஒரு செட்டைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கொடுத்துவையுங்கள்.