பிளாஸ்டிக்கின் சூழல் பாதிப்பு: தரவு மூலங்களை ஒப்பிடும் முறை

ஒரு கிலோ பாலிஎத்திலீனுக்கு இரு தரவுத்தளங்கள் இரு வேறு கார்பன் உமிழ்வு எண்களைத் தந்தால், எது சரி என்று கேட்பதற்கு முன், இரண்டும் ஒன்றையே அளக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலில் எல்லையைப் பாருங்கள். ஐரோப்பிய உற்பத்தியாளர் சங்கமான பிளாஸ்டிக்ஸ் யூரோப் வெளியிடும் சூழல் விவர அறிக்கைகள், எண்ணெய்க் கிணற்றிலிருந்து ஆலை வாசல் வரை மட்டுமே கணக்கிடுகின்றன. பையாக வார்ப்பதும் குப்பையாவதும் அவற்றில் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஈகோஇன்வென்ட் தரவுத்தளத்தில் வார்ப்பு, எரிப்பு, நிலநிரப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பதிவுகள் உண்டு.

அடுத்தது பங்கீடு, பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாஃப்தாவைச் சிதைக்கும் உலையில், பாலிஎத்திலீனின் மூலப்பொருளான எத்திலீனுடன் புரொப்பிலீனும் பியூட்டாடையீனும் ஹைட்ரஜனும் சேர்ந்தே கிடைப்பதால், உலையின் உமிழ்வை எடைப்படி பிரிப்பதா, விலைப்படி பிரிப்பதா என்பதைப் பொறுத்தே எத்திலீனின் கணக்கு மாறுகிறது. அறிக்கையின் முறையியல் பகுதியைப் படிக்காமல் எண்ணை எடுத்தாளாதீர்கள். ஆண்டு, நாடு, மின்சார மூலம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மீத்தேன் உமிழ்வின் பாதிப்பை எத்தனை ஆண்டுக் கால அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதையும் சரிபாருங்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 5ஆம் மதிப்பீட்டு அறிக்கையின்படி அதன் வெப்பமாக்கும் திறன், கார்பன் டை ஆக்சைடை ஒப்பிட, 100 ஆண்டுகளில் 28 மடங்கு, 20 ஆண்டுகளிலோ 84 மடங்கு.

கடலில் சேரும் பிளாஸ்டிக்குக்கும் இதுவே பொருந்தும். 2015இல் வெளியான ஆய்வு, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களின் கழிவைக் கொண்டு, 2010இல் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் கடலில் சேர்ந்ததாக மதிப்பிட்டது. 2021இன் ஆய்வு, ஆறுகள் வழியே ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் என்றது. அளந்த பொருளே வேறு என்பதால் இவற்றின் சராசரியை எடுப்பது தவறு.