மைதானத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே சட்டை

கோல்ஃப் சட்டை வடிவமைப்பவர்கள் நிறத்திலும் லோகோவிலும் காட்டும் அக்கறையில் பாதியைத் தோள்பட்டையில் காட்டலாம். மட்டையை வீசும்போது உடல் முறுகுகிறது, இரு கைகளும் தலைக்கு மேல் போகின்றன. சாதாரணச் சட்டை முதலில் பிடிப்பது அக்குளிலும் முதுகிலும்தான். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக வெட்டிய ராக்லன் கை வைத்தால் அந்த இறுக்கம் வெகுவாகக் குறையும். அது விளையாட்டுச் சீருடைபோல் தெரிகிறது என்றால், வழக்கமான கையையே வைத்து, அக்குளில் வைர வடிவத்தில் சிறு துண்டு சேருங்கள். வெளியே தெரியாது. என் விருப்பம் இதுதான்.

துணியில் பாலியெஸ்டருடன் 5 முதல் 10 சதவீதம் எலாஸ்டேன் (நீண்டு சுருங்கும் இழை) போதும். ஆனால் பளபளப்பு வேண்டாம். பருத்திபோல் மங்கலாகத் தெரியும் பிக்கே (போலோ சட்டைகளில் காணும், சிறு மேடுபள்ளங்கள் கொண்ட பின்னல் துணி) அலுவலகக் கூட்டங்களுக்கும் பொருந்தும். பருத்தி மட்டும் என்றால் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கால்சட்டைப் பையை வெட்டும்முன் ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். அதன் விட்டம் குறைந்தது 42.67 மி.மீ.; ஆழமில்லாத பையில் அசிங்கமாகப் புடைக்கும்.

மாதிரி தைத்ததும் சட்டையை உள்ளே செருகி, பத்து முறை மட்டையை வீசச் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்டால் பின்பக்க நீளத்தைக் கூட்டுங்கள்.