திட்டிக்கொண்டே பார்த்தாலும் அது கணக்கில் ஏறும்

கொழும்பு வெள்ளவத்தையில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். "மிஸ், நான் ஒன்றுக்கும் லைக் போடவில்லை. பிறகு ஏன் இதுவே வருகிறது?" என்று ஒரு மாணவி போனை நீட்டினாள். டிக்டொக்கில் வரிசையாக உடம்பு மெலியும் வீடியோக்கள்.

லைக் தேவையே இல்லை. ஒரு நீண்ட வீடியோவைக் கடைசிவரை பார்ப்பதை ஆர்வத்தின் வலுவான அடையாளமாக எடுப்பதாக டிக்டொக் நிறுவனமே 2020இல் சொன்னது. ஆசையில் பார்த்தீர்களா, பயத்தில் பார்த்தீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கொமென்டில் போய்ச் சண்டை பிடித்தால் இன்னும் வரும். ஆகவே பிடிக்காதது வந்த உடனே தள்ளிவிடுங்கள். வீடியோவை அழுத்திப் பிடித்து, ஆர்வமில்லை என்பதையும் தட்டுங்கள்.

நிலைமை முற்றிவிட்டதா? டிக்டொக் செட்டிங்ஸில் 'கொன்டென்ட் பிரிஃபரன்சஸ்' என்ற இடத்துக்குப் போய், ஃபோர் யூ ஃபீடை, அதாவது உங்களுக்கென்று அது தெரிந்து காட்டும் வீடியோ வரிசையை, ரிஃப்ரெஷ் பண்ணுங்கள். புதிதாகக் கணக்குத் திறந்த மாதிரி எல்லாம் தொடக்கத்திலிருந்து வரும். இன்ஸ்டகிராமிலும் இப்படி ஒரு ரீசெட் இருக்கிறது. யூடியூப்பில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து நிறுத்திவைத்தால் முகப்பில் ஒன்றுமே வராது, தேடியதுதான் கிடைக்கும். எனக்கு அது சொர்க்கம். பிள்ளைகளுக்குச் செத்த வீடு மாதிரி இருக்கிறதாம்!

ரீசெட் பண்ணியபின் முதலில் எதில் நிற்கிறீர்களோ அதுதான் பெருகும். அதனால் இரவில் படுக்கையில் கிடந்தபடி இதைத் தொடங்க வேண்டாம். களைத்த மூளை எதிலும் நின்றுவிடும். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியின் நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குள் இருக்கும்போது செய்யலாம். கிரிக்கெட்டோ, சித்திரமோ, பாஸ்ட் பேப்பர் விளக்கமோ, உண்மையாக விரும்புவதை நீங்களே தேடி முழுதாகப் பாருங்கள்.

அம்மா அப்பாமாருக்கு: போனைப் பறித்தால் பிள்ளை கூட்டாளியின் போனில் பார்க்கும். பக்கத்தில் இருந்து, "உனக்கு என்னென்ன வருகிறது, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஏசாமல் பார்ப்பதுதான் கஷ்டம். அப்புறம் உங்கள் பேஸ்புக்கையும் காட்டுங்கள், அதுவும் இதே விளையாட்டுத்தான்.

பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், நித்திரை கெட்டால், இருந்து என்ன பயன் என்று பேசினால், செட்டிங்ஸ் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.